பொட்டு ஒட்டிய பொத்தான்

வேங்கை நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில், ஆறுச்சாமி வீட்டு கேட்டுக்கு முன்னால், வலது தோளில் சிவப்பு சிலிண்டரும் இடது கையில் போனுமாக, போனின் மேல் கட்டைவிரலைப் பதித்தபடி ஒரு மனிதர் நிற்பார் என்பதும், எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார் என்பதும் அந்தப் பகுதிக்காரர்களுக்கு மெல்ல மெல்லப் பழகிப்போய், கொரியர்காரர்களுக்கும் மீன் விற்க வருகிறவருக்கும் வழி சொல்லும்போது டிரான்ஸ்பார்மரையும் தண்ணீர்த் தொட்டியையும் விட்டுவிட்டு, சிலிண்டர்காரரைத் தாண்டி இரண்டாவது வீடு என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஆரம்பத்தில் கோயம்புத்தூரின் நாலா பக்கத்திலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்து வேடிக்கை பார்த்தார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது, பள்ளிக்கூடம் திறந்தது, ஆளாளுக்கு அவரவர் வேலை. வியப்பு என்பது நம் ஆட்களிடம் அப்படியொன்றும் நாள்பட நிற்கிற சரக்கு இல்லை.

பூங்கோதைக்கு மட்டும் அது பழகவே இல்லை. தெருமுனையில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் போன் செயலிகள் எழுதுவது அவள் வேலை. நாற்காலியிலிருந்து தலையை நிமிர்த்தினால் போதும், ஜன்னல் வழியாக அந்தச் சிவப்பு சிலிண்டரும் அதைத் தாங்குகிற காக்கிச் சட்டை முதுகும் தெரியும். அவர் கட்டைவிரல் பதிந்திருந்த செயலி அவள் எழுதியது.

அவர் பெயர் வெள்ளியங்கிரி. கேஸ் ஏஜென்சி வண்டியில் வருகிற மற்ற ஆட்கள் சிலிண்டரைத் தெருவில் தடாலென்று இறக்கி, கேட்டிலிருந்து சமையலறை வரை உருட்டிக்கொண்டே போய், தூங்குகிற கைக்குழந்தைகளையெல்லாம் எழுப்பிவிட்டு வருவார்கள். வெள்ளியங்கிரிக்கு அந்த வழக்கமே கிடையாது. வண்டியிலிருந்து ஒரே தூக்கு, சமையலறையில் ஒரே இறக்கு. நடுவில் எங்கேயும் கீழே வைக்க மாட்டார். இறக்கும்போது முழங்காலை மடக்கி, சிலிண்டரின் அடிவிளிம்பு தரையைத் தொடுவது சிலிண்டருக்கே தெரியாத மாதிரி வைப்பார். சமையலறையில் நிற்கிற பெண்கள் திரும்பிப் பார்த்தால் சிலிண்டர் இருக்கும், அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார்.

அவர்தான் ஒருநாள் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த பூங்கோதையைத் தேடி வந்து, கோபமே இல்லாத குரலில் தன் குறையைச் சொன்னார்.

"அம்மணி, உங்க ஆப்பைப் பாக்கெட்டுல போட்டா அது செத்துப் போயிருதுங்க. நான் ஒவ்வொரு ஊட்டுக்கும் போய்ட்டுத்தான் வர்றேன். போகவே இல்லைன்னு அது சொல்லுது. ஏஜென்சில என்னையத் திருடனாட்டம் பாக்கறாங்க."

அவர் சொன்னது உண்மை. அதற்குக் காரணமும் பூங்கோதைக்குத் தெரியும். எந்தச் செயலிக்குள்ளும் முன்னால் நிற்கிற ஆள் ஒருவர்தான். தொட்டால் திரும்புவதும், கேட்டால் பதில் சொல்வதும், திரையை வரைவதும் அந்த ஒருவர் வேலை. மெயின் த்ரெட் என்பார்கள். நேரம் பிடிக்கிற வேலையையெல்லாம் பின்னால் இருக்கிறவர்களிடம் தள்ளிவிட வேண்டும். கீழே பேக்கரியில் கல்லாவில் நிற்கிறவர் பப்ஸ் வேகிறவரைக்கும் அடுப்புக்கு முன்னால் போய் நின்றுகொண்டால் கடை என்ன ஆகும், அதுபோலத்தான். அதனால் ஆள் எந்த வீட்டு வாசலில் இருக்கிறார் என்று இடம் பார்த்துச் சொல்கிற வேலையைப் பூங்கோதை முறைப்படி பின்னால்தான் வைத்திருந்தாள். ஆனால் டெலிவரி ஆட்கள் வைத்திருந்ததெல்லாம் மலிவு விலை போன்கள். அவை சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, பின்னால் ஓடுகிற எதைப் பார்த்தாலும் கேள்விமுறை இல்லாமல் கொன்றுவிடும்.

திருத்திய செயலியை வெள்ளிக்கிழமை ஏஜென்சிக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். கம்பெனி முதலாளி நவநீதன் நல்ல மனிதர்தான், ஆனால் அவசரம் வந்தால் அவருக்குக் காது கேட்காது. பின்னால் வைத்தால்தானே கொல்கிறது, முன்னாலேயே வை என்றார். பூங்கோதை அப்படியே மாற்றினாள். வந்துவிட்டேன் என்ற பொத்தானை அழுத்தியதும், முன்னால் நிற்கிற அந்த ஒரே ஆள், இவர் வந்ததைக் குறித்துக்கொண்டாயா என்று ஏஜென்சிக் கணக்கு வைக்கிற சர்வருக்கு ஒரு கேள்வி அனுப்பிவிட்டு, பதில் வந்துருச்சா, வந்துருச்சா என்று மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டே நிற்கும்படி எழுதினாள். எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று எல்லை வைக்கவில்லை. பதில் தொலைந்தால் மறுபடி கேட்கச் சொல்லவும் இல்லை. இது தற்காலிகம், பிறகு மாற்ற வேண்டும் என்று மேலே ஒரு வரி எழுதி வைத்தாள். அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் எழுதுகிற வரி அது, எழுதியதும் மனது சமாதானமாகிவிடும். மாடியிலேயே அழுத்திப் பார்த்தாள், கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. மாடியில் சிக்னலுக்குக் குறைச்சல் இல்லை.

மூன்றாவது குறுக்குத் தெருவில் சிக்னல் எப்போதாவது ஒரு கோடு வந்து அறுந்து போவதோடு சரி. முன்பு அங்கே ஒரு டவர் இருந்தது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் ஆறுச்சாமிதான் சிட்டுக்குருவி சாகிறது, தலைவலி வருகிறது என்று மனு மேல் மனு போட்டு, கலெக்டர் ஆபீஸ் படியேறி இறங்கி, அதைப் பிடுங்க வைத்தார். இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டவரைப் பிடுங்கிய அன்று சங்கத்தில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். சிட்டுக்குருவி என்னவோ வரவில்லை.

ஆக, ஒருவர் எல்லை வைக்காமல் விட்டார், ஒருவர் டவரைப் பிடுங்கினார், ஒருவர் சிலிண்டரை நடுவழியில் கீழே வைப்பதில்லை என்ற வைராக்கியத்தோடு வாழ்ந்தார். ஏஜென்சியில் காட்டி முடித்த அடுத்த புதன்கிழமை முன்பகலில் மூன்றும் ஆறுச்சாமி வீட்டு கேட்டில் வந்து சேர்ந்தன. வெள்ளியங்கிரி சிலிண்டரைத் தோளில் ஏற்றி, கேட்டுக்கு வந்து, வந்துவிட்டேன் என்ற பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினார். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது, அவர் நின்றார். உள்ளேயிருந்து ஆறுச்சாமி, வாங்க வெள்ளியங்கிரி, ஏன் வெயில்ல நிக்கறீங்க என்றார். பதில் வரவில்லை. வெளியே வந்து தோளைத் தொட்டார். தோள் சூடாக இருந்தது, கண் திறந்திருந்தது, மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. ஆள் மட்டும் திரும்பவில்லை.

சிலிண்டரை இறக்கப் பார்த்தார்கள். இரண்டு பேர், பிறகு நான்கு பேர். தோளோடு ஒட்டிப் பிறந்ததுபோல் அது அசையவில்லை. அவரைத் தூக்கிப் பார்த்தார்கள், செருப்பு தரையைவிட்டுப் பெயரவில்லை. கட்டைவிரலைப் போனிலிருந்து பிரிக்க முடியவில்லை. பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, உடம்புக்குள் நடக்க வேண்டியதெல்லாம் நடக்கிறது, நாடி மட்டும் கொஞ்சம் வேகம் என்று சொல்லிவிட்டுப் போனார். போலீஸ்காரர் வந்து, இவர் போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இல்லை என்று உறுதி செய்துகொண்டு போனார்.

வெள்ளியங்கிரியின் மனைவி நாச்சம்மாள் பக்கத்து நூல்மில்லில் கோனில் நூல் சுற்றுகிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். வந்தவள் கத்தவில்லை. அவர் முகத்தைத் துடைத்தாள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லாததால் ஏனுங்க என்றாள், இன்னொரு தரம் ஏனுங்க என்றாள். அப்போது போன் திரையில் வட்டத்துக்கு மேல் ஒரு வெள்ளைப் பெட்டி எழும்பியது. செயலி பதிலளிக்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் காத்திரு, இன்னொன்றில் மூடு.

நாச்சம்மாள் காத்திரு என்பதை அழுத்தினாள். பெட்டி மறைந்தது, வட்டம் சுற்றியது. மறுநாள் காலையில் வெயில் கண்ணாடியில் பட்டதும் பெட்டி மறுபடி வந்தது, மறுபடி அழுத்தினாள். யாராவது தெரியாமல் மூடு என்பதைத் தொட்டுவிடப் போகிறார்கள் என்று பயந்து, தன் நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்தப் பொத்தானின் மேல் ஒட்டினாள். அன்றிலிருந்து போனுக்குச் சார்ஜ் குறையவில்லை. ஏன் குறையவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை.

வேங்கை நகர் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் வெயிலுக்குத் தகரக் கூரை போட்டார்கள். கூரைக்குக் கால் நட்டதால் ஆறுச்சாமியின் கார் வெளியே வர முடியாமல் போக, அவர் பக்கச் சுவரை இடித்து இன்னொரு கேட் வைத்துக்கொண்டார். சங்கக் கூட்டத்தில் வெள்ளியங்கிரியைக் குடியிருப்பவராகக் கருதுவதா, வந்து போகிறவராகக் கருதுவதா என்று வாக்குவாதம் நடந்து, டீயும் மிக்சரும் தீர்ந்ததோடு தீராமல் நின்றது. முடிதிருத்துகிறவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தாடியை மழித்துவிட்டுப் போனார், ஏனென்றால் தாடி வளர்ந்தது, நகம் வளர்ந்தது, உள்ளே ஓட வேண்டியதெல்லாம் ஓடிக்கொண்டே இருந்தது. தெருநாய் ஒன்று அவர் காலடியில் குட்டி போட்டது. பால்காரர் அடுத்த வீட்டுப் பாக்கெட்டை அவர் முழங்கை வளைவில் செருகிவிட்டுப் போனார். ஏஜென்சி இன்னொரு ஆளைப் போட்டது, அவன் ஒவ்வொரு முறையும் வெள்ளியங்கிரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சிலிண்டரைத் தடதடவென்று உருட்டிக்கொண்டு போனான்.

அதற்குள் வேறொரு வழக்கமும் வந்து சேர்ந்தது. ஒரு மழைநாளில் நாச்சம்மாளுக்குக் காய்ச்சல் வந்து வர முடியாதபோது, கனடாவுக்கு விசா கேட்டுவிட்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்த ஒரு பையனின் அம்மா, அவளுக்குப் பதிலாகக் காத்திரு என்பதை அழுத்தினாள். அந்த வாரமே விசா வந்தது. அவ்வளவுதான். குழந்தைக்காகக் காத்திருந்தவர்கள், கோர்ட்டில் வாய்தா வாங்கி வாங்கி அலுத்தவர்கள், பரீட்சை முடிவுக்காகவும் பெண் வீட்டாரின் பதிலுக்காகவும் காத்திருந்தவர்கள் எல்லோரும் காலையில் குளித்துவிட்டு வரிசையில் வந்து நின்றார்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்குத்தான் பொத்தான் கிடைக்கும். மற்றவர்கள் வெள்ளியங்கிரியின் காதோரம் தங்கள் குறையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பாத மனிதரிடம் எதையும் சொல்லலாம் அல்லவா, அதனால் கட்டிய கணவரிடம் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னார்கள். நாச்சம்மாளும் கூட்டம் கலைந்த பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியதையும், வீட்டுக் கூரை ஒழுகுவதையும், தன்னை மில்லில் மறுபடி சேர்த்துக்கொண்டதையும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பூங்கோதை சும்மா இருக்கவில்லை. சம்பவம் நடந்த மறுநாளே பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு ஒழுங்காக எழுதினாள். எல்லை வைத்தாள், மறுபடி கேட்கச் சொன்னாள், வேலையைப் பின்னால் கொண்டுபோய், போன் அதைக் கொல்லாமல் இருக்க வேண்டிய ஏற்பாட்டையும் செய்தாள். மற்ற டெலிவரி ஆட்களின் போன்களுக்கெல்லாம் புதியது போய்ச் சேர்ந்தது, ஒருவரும் நிற்கவில்லை. வெள்ளியங்கிரியின் போனுக்கு மட்டும் அதைப் போட வழியில்லை. புதியதை ஏற்ற வேண்டுமானால் ஓடிக்கொண்டிருக்கும் பழையதை முதலில் மூட வேண்டும். எத்தனை விதமாகச் சுற்றிச் சுற்றி வந்தாலும் கடைசியில் அந்தப் பொட்டு ஒட்டிய பொத்தானுக்கு முன்னால்தான் வந்து முட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

டவரைத் திருப்பிக் கொண்டுவந்தால் பதில் வந்து சேருமோ என்று அவளுக்கு ஒரு நப்பாசை. ஆறுச்சாமியிடம் போய்ச் சொன்னாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, தான் படியேறி இறங்கிய அதே ஆபீஸ்களின் படிகளை மறுபடி ஏறி இறங்கினார். ஒருநாள் சக்கரம் வைத்த டவர் ஒன்று லாரியில் வந்து தெருமுனையில் நின்றது. வேங்கை நகரே கூடிவிட்டது. டவருக்கு உயிர் வந்தது, கூடியிருந்தவர்கள் போன்களிலெல்லாம் அடைபட்டுக் கிடந்த செய்திகள் வந்து விழுந்தன. வெள்ளியங்கிரியின் போனிலும் சிக்னல் கோடுகள் நிறைந்து நின்றன. நாச்சம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டம் சுற்றியது. உச்சிவெயில் வந்து, போய், கூட்டம் கலைந்த பிறகும் சுற்றியது.

அன்று மாலை பூங்கோதை சர்வரில் தேடிப் பார்த்தாள். அவர் கேட்ட கேள்வி அந்தப் புதன்கிழமையே சர்வருக்கு வந்து சேர்ந்திருந்தது. பதிலும் அப்போதே கிளம்பிப் போய்விட்டது. அதற்குள் மூன்றாவது குறுக்குத் தெருவில் சிக்னல் அறுந்துபோக, காற்றில் அது எங்கோ விழுந்து தொலைந்துபோனது. சர்வர் தன் வேலை முடிந்தது என்று கணக்கை முடித்துக்கொண்டுவிட்டது. அவர் ஏற்கெனவே சொல்லி முடிக்கப்பட்ட ஒரு பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். இனி அதை அவருக்குச் சொல்ல யாருமில்லை. பூங்கோதை நவநீதனிடம் சொன்னபோது அவர் ஜன்னலைப் பார்த்துவிட்டு, இதை அந்த அம்மாவிடம் சொல்லாதே, சொன்னால் அப்புறம் மூடுவதா வேண்டாமா என்று உன்னைத்தான் கேட்பார்கள் என்றார். மறுநாள் ஜன்னலுக்குத் திரை வாங்கிப் போட்டார்.

பூங்கோதை சொல்லாமலே அந்தக் கேள்வி வந்து சேர்ந்தது. நாச்சம்மாள் ஒருநாள் காலையில் பேக்கரி வாசலில் பூங்கோதையை மறித்தாள்.

"அம்மணி, நீங்கதான இதைப் பண்ணுனீங்க. காத்திருக்கட்டுமா, மூடிரட்டுமா? நீங்களே சொல்லிப்போடுங்க."

"காத்திருங்க அக்கா," என்றாள் பூங்கோதை. "உள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்குது. தூக்கம் மாதிரிதான்."

காத்திருங்கள் என்று சொல்வதைப்போல் லேசான வேலை உலகத்தில் இல்லை. சொல்கிறவருக்கு அதில் பாரம் ஒன்றுமில்லை. மூடச் சொல்லி, மூடியதும் அவர் இறந்தால் அது கொலை. காத்திருக்கச் சொன்னால் அது நம்பிக்கை. பூங்கோதை அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள், அது அவளுக்கே தெரிந்திருந்தது. தூக்கம் என்று சொன்ன பிறகு அவளால் ஒழுங்காகத் தூங்க முடியவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், முடிதிருத்துகிறவர் வெள்ளியங்கிரியின் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் கழுத்தைத் துடைத்தபோது, வலது தோள் இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை என்பதைப் பார்த்தார். சிலிண்டரின் விளிம்பு பதிந்த இடம் கறுத்துப்போய், எலும்பு உள்வாங்கியிருந்தது. நாச்சம்மாள் தன் முந்தானையைக் கிழித்து மடித்து இடையில் செருகப் பார்த்தாள், நூல் நுழையவும் இடமில்லை. அவள் கை அவர் மார்பில் பட்டது, எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கமாக ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த பூங்கோதையைக் கூப்பிட்டு, அவள் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாள்.

நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தூங்குகிறவர் நெஞ்சு அப்படி அடிக்காது. முழுச் சிலிண்டரோடு மாடிப்படி ஏறுகிறவரின் நெஞ்சு அது. வந்துருச்சா, வந்துருச்சா, வந்துருச்சா என்று தான் எழுதியதே தன் உள்ளங்கையில் வந்து இடிப்பதைப் பூங்கோதை உணர்ந்தாள். கையை இழுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, இழுத்துக்கொள்ளவில்லை.

"அவரு தூங்கலைங்க அக்கா," என்றாள். "தூங்கற மாதிரி நான் எழுதியிருக்கலாம். எழுதலை. பதில் வந்துருச்சான்னு நிறுத்தாம பாத்துட்டே இருக்கறாரு. அன்னிக்கிருந்து ஒரு நொடிகூட ஓயலை. அந்தப் பதில் இனி வராதுங்க அக்கா. எனக்கு முன்னாடியே தெரியும்."

நாச்சம்மாள் அவளை அடித்திருந்தால்கூடப் பூங்கோதைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. நான் சொன்னதெல்லாம் அவருக்குக் கேட்டதா என்று மட்டும் கேட்டாள். பூங்கோதை அதையும் மறைக்காமல் சொன்னாள். முன்னால் நிற்கிற ஆளுக்குக் கை ஒழியாதபோது, தொட்டதும் கூப்பிட்டதும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். என்றைக்காவது அவர் விடுபட்டால் முதல் நாள் சொன்ன ஏனுங்க என்பதிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதில் சொல்வார். மூடிவிட்டால் அந்த வரிசையும் சேர்ந்து போய்விடும்.

நாச்சம்மாள் கிழித்த முந்தானையால் அவர் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். தெருநாயும் குட்டிகளும் தகரக் கூரையின் நிழலில் படுத்திருந்தன.

"நாஞ் சொன்னதெல்லாம் அவருக்குத் தெரிஞ்சதுதானுங்க," என்றாள் கடைசியில். "புதுசா ஒண்ணுமில்லை. அவரு கேக்காட்டிப் போகுது. அந்தப் பாரத்தை இறக்கி வெச்சாப் போதும்."

அவள் மூடப் போகிறாள் என்ற செய்தி வேங்கை நகரில் அரை மணியில் பரவியது. காத்திருக்கிறவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, என் பிரசவம் முடியட்டும் அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த மாதம் தீர்ப்பு வருகிறது, அதுவரைக்கும் பொறுங்கள் என்றார் ஒருவர். நம் எல்லோருக்கும் பொதுவான மனிதரை ஒரு ஆள் மட்டும் முடிவெடுத்து எப்படி மூடலாம், சங்கத்தில் வைத்துப் பேசலாம் என்றார் இன்னொருவர். யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர் தோளில் சிலிண்டர் இருக்கிறது என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அது அவர் உடம்பில் ஓர் உறுப்பு என்றே நினைத்துப் பழகிவிட்டார்கள்.

ஆறுச்சாமி வீட்டுக்குள்ளிருந்து வந்தார். வழக்கமாகச் சங்கத்துப் பேச்சு என்றால் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குகிறவர், அன்று செருமவில்லை. தகரக் கூரைக்குப் பின்னால் அத்தனை காலம் பூட்டிக் கிடந்த பழைய கேட்டின் பூட்டைத் திறந்து, துருப்பிடித்த கதவுகள் இரண்டையும் தோளால் முட்டி அகலத் தள்ளினார்.

"இது நான் புக் பண்ணுன சிலிண்டரு," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "எடுத்துட்டு வரட்டும். வழி உடுங்க."

வழி விட்டார்கள்.

நாச்சம்மாள் பூங்கோதையைப் பார்த்து, அவர் விழுந்தால் சிலிண்டர் அவர் காலின் மேலேயே விழும், நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள். பூங்கோதை துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, தன் தோளைச் சிலிண்டருக்கு அடியில் கொடுத்து, இரண்டு கைகளாலும் அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். அவருடைய வியர்வை வாடை அவ்வளவு அருகில் வந்தது. அன்றைக்கு வேலை செய்த மனிதரின் வியர்வை போலவே இருந்தது.

பெட்டி திரையில் நின்றுகொண்டிருந்தது. நாச்சம்மாள் நகத்தால் பொட்டைக் கிள்ளி எடுத்தாள். விரல்நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த அதை எங்கே வைப்பதென்று ஒரு கணம் தெரியாமல், குளிக்கப் போகும்போது கண்ணாடியில் ஒட்டுவதைப்போல, கேட் தூணில் ஒட்டினாள். பிறகு ஏனுங்க என்று ஒரு தரம் கூப்பிட்டாள். அதுவும் வரிசையில் போய் நின்றிருக்கும். மூடு என்பதை அழுத்தினாள்.

வட்டம் நின்றது. வெள்ளைத் திரை மறைந்து, அதற்குப் பின்னால் அத்தனை காலம் மூடிக் கிடந்த படம் தெரிந்தது. மருதமலைப் படிக்கட்டில், தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு நாச்சம்மாளும், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற சின்னப் பெண்ணாக அவர்கள் மகளும். வெள்ளியங்கிரி ஒரு நெடுமூச்சு விட்டார். அந்தப் புதன்கிழமையே விட்டிருக்க வேண்டிய மூச்சு அது. முழங்கால் மடங்கியது. அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, எதற்கும் பதில் சொல்லவில்லை. நாச்சம்மாள் தரையில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்டாள். அதற்குள், சரிந்துகொண்டிருக்கும்போதே அவர் இறந்துபோயிருந்தார்.

சிலிண்டர் முழுதாகப் பூங்கோதையின் தோளில் இறங்கியது. அவள் நினைத்ததைவிடப் பல மடங்கு கனம். கழுத்து நரம்பு புடைத்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு ஆண்கள் ஓடி வந்து கை கொடுக்கப் பார்த்தார்கள், வேண்டாம் என்றாள். கீழே வைத்துவிடு அம்மா என்றார்கள், அதற்கும் வேண்டாம் என்றாள். ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து, திறந்திருந்த கேட்டைத் தாண்டி, வாசற்படி ஏறி, முன்னறையைக் கடந்து போனாள். ஆறுச்சாமி முன்னால் போய்ச் சமையலறையில் இடத்தைக் காட்டினார். வெள்ளியங்கிரி செய்வாரே, அப்படியே முழங்காலை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். கடைசி அங்குலத்தில் கை வழுக்கியது. இரும்பு தரையில் மோதி, சத்தம் வீடு முழுக்க அதிர்ந்து, தெருவுக்கும் போனது.

அவள் திரும்பி வாசலுக்கு வந்தபோது கூட்டம் ஒதுங்கி நின்றது. நாச்சம்மாள் மடியில் கிடந்தவரின் தாழ்ந்த தோளைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அவரு வெச்சா சத்தமே வராதுங்க அம்மணி."